சித்தியின் விண்டோஸ் 98

2007 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, என் சித்தியின் டிடிபி கடை. சித்தி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். கடையில் இருந்த இரண்டு கணினிகளில் நல்லதாக இருந்த ஒன்றில் நான் ஒரு சிடியைப் போட்டேன். உபுண்டு 7.04. அந்த நாட்களில் யார் கேட்டாலும் உலகத்தின் எந்த மூலைக்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பிய லினக்ஸ் சிடி. நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரியில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருந்தது, அதில் இருந்த மூன்று பெண்களில் நான் ஒருத்தி. சித்தியை விண்டோஸிடமிருந்து விடுவிக்கப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

நிறுவும்போது ஒரு கேள்வி வந்தது. இருப்பதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் நிறுவவா, முழு வட்டையும் எடுத்துக்கொள்ளவா? முழு வட்டு என்றேன். அரை மணி நேரத்தில் பழுப்பு நிறத் திரை பளிச்சென்று வந்து நின்றது. சித்தி தூக்குவாளியில் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள். மவுஸை இரண்டு முறை அசைத்துப் பார்த்தாள்.

“ஏட்டி, என் ஃபைலெல்லாம் எங்கட்டி?”

ஐந்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள், கண்ணீர் அஞ்சலிகள், பூப்புனித நீராட்டு விழா அழைப்புகள், கோயில் கொடை நோட்டீஸ்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று பள்ளிக்கூடங்களின் அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்கள். வினாத்தாள்கள் பாதி அடித்து முடித்திருந்தன. டிசம்பர் முதல் வாரம் கொடுக்க வேண்டும். எல்லாம் போயிற்று.

பதினெட்டு வருடம் கழித்து இதை எழுத உட்காரும்போது, என்னை உறுத்துவது அந்தத் தவறு மட்டுமில்லை. அதைச் செய்வதற்கு முன் நான் சித்தியிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஒரு நாளில் பத்து மணி நேரம் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவளுக்கு அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விண்டோஸா, லினக்ஸா, மேக்கா என்ற சண்டை கணினி உலகத்தில் ஜாதிச் சண்டைக்கு அடுத்தபடி நீளமானது. இயங்குதளம் என்றால் ஒன்றும் பெரிய மர்மமில்லை. கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து, திரைக்கும் விசைப்பலகைக்கும் அச்சு இயந்திரத்துக்கும் ஃபைல்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்குகிற மென்பொருள். எது நல்லது என்பதில் இத்தனை கோபம் ஏன் என்று வெளியே நிற்பவர்களுக்குப் புரியாது. உள்ளே இருந்தவளாகச் சொல்கிறேன், அந்தக் கோபத்தில் பாதி உண்மையான அரசியல். ஒரே ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் ஒரு நாட்டின் பள்ளிகளும் அலுவலகங்களும் அடைபடலாமா என்ற கேள்வி சரியான கேள்வி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்ததும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை எழுதியதும் அந்தப் பூட்டுக்கு எதிராகப் பலருக்குக் கதவைத் திறந்தன. மீதிப் பாதி கோபம், தன் மேசை, தன் இயந்திரம், தன் ஓய்வு நேரம் என்று மூன்றும் வாய்த்த ஆண்களின் பொழுதுபோக்கு.

அந்த மூன்றும் வாய்க்காதவர்களிடமிருந்து இந்த வரலாற்றை ஆரம்பித்தால் அது எங்கே தொடங்குகிறது? எங்கள் வீட்டில், முக்கூடலில், பீடித் தட்டில் தொடங்குகிறது.

என் ஆச்சி பீடி சுற்றினாள். அந்தக் காசில்தான் சித்தி எண்பதுகளின் கடைசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தாள். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்ஸ்டிடியூட் இருந்த காலம். பத்தாவது முடித்த பெண்ணை அனுப்புவதற்குப் பெற்றவர்கள் பயப்படாத இடம் அது. ஒரு மணி நேரம் போவாள், தட்டுவாள், வருவாள். ஆங்கிலம் லோயர், தமிழ் லோயர், பிறகு ஹையர். அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஹையர் பாஸ் செய்தால் டிஎன்பிஎஸ்சி எழுதித் தட்டச்சர் ஆகலாம். அரசாங்க வேலை கிடைக்காவிட்டாலும் வக்கீல் ஆபீஸ் இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசை அமைப்பை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா. அவர் அடுக்கிய வரிசையின் அடியொற்றித்தான் சித்தியின் இடது கை விரல்கள் ‘யளனக’ என்று உட்கார்ந்தன. அந்த அமைப்பில் ஒரு விஷயம் உண்டு, அது பின்னால் முக்கியமாகப் போகிறது. ‘கோ’ என்று அடிக்க முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கை போகும். தாளில் எழுதும்போது நாம் எப்படி எழுதுகிறோமோ அப்படி.

தொண்ணூறுகளில் தட்டச்சுப்பொறிகள் மூலைக்குப் போய்க் கணினிகள் வந்தபோது, இன்ஸ்டிடியூட் முடித்த பெண்கள்தான் அவற்றின் முன் உட்கார வைக்கப்பட்டார்கள். வண்ணாரப்பேட்டையிலும் டவுனிலும் முருகன்குறிச்சியிலும் முளைத்த டிடிபி சென்டர்களின் முதலாளி பெரும்பாலும் ஆண். ஆப்பரேட்டர் பெரும்பாலும் பெண். விளம்பரத்திலேயே ‘தமிழ் டைப்பிங் தெரிந்த பெண்கள் தேவை’ என்றுதான் இருக்கும். என்ன கணினி, என்ன இயங்குதளம், என்ன எழுத்துரு என்பதை முதலாளியும், அவருக்குக் கணினியை விற்ற ஆளும் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள். விண்டோஸ் 95, பிறகு 98, அதன் மேல் பேஜ்மேக்கர். சித்தி பத்து வருடம் மற்றவர் கடையில் அடித்துவிட்டு, 2002இல் சொந்தமாகக் கடை வைத்தாள். அப்போதும் விண்டோஸ் 98தான் போட்டாள்.

அதை நான் பழக்க தோஷம் என்று நினைத்தேன். கல்லூரிக் குழுவில் அண்ணன்மார் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ‘எண்ட் யூசர் மென்டாலிட்டி’. தாங்கள் எல்லாம் கருவைத் திறந்து பார்க்கிறவர்கள், மற்றவர்கள் படத்தைத் தட்டுகிறவர்கள். “எங்க அம்மாவே லினக்ஸ் யூஸ் பண்றாங்க” என்பது அங்கே ஒரு சிஸ்டம் எவ்வளவு சுலபம் என்பதற்குக் கொடுக்கப்படும் சான்று. உலகம் முழுக்க அந்த வாக்கியம் உண்டு, ஊருக்கு ஊர் அம்மாவுக்குப் பதில் பாட்டியோ அத்தையோ வருவாள். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன், கூச்சமில்லாமல்.

இந்தக் கட்டுரைக்காகச் சித்தியையும், அவள் வழியாக டவுன், மேலப்பாளையம், ஜங்ஷன் பகுதிகளில் இருபது முப்பது வருடம் தமிழ் அடித்த இன்னும் நான்கு பெண்களையும் உட்கார வைத்துப் பேசினேன். நான் கேட்ட முதல் கேள்வி, “அப்பல்லாம் எந்த சிஸ்டம் பிடிக்கும்?” என்பது. சிரித்தார்கள். பிறகு சண்டை போட்டுக்கொண்டார்கள்.

98ஆ எக்ஸ்பியா என்ற சண்டை. 2003, 2004இல் அச்சகத் திண்ணையில் பிளேட் போடக் காத்திருந்த நேரங்களில் இவர்கள் போட்ட சண்டை அது. எக்ஸ்பி நீலத் திரை காட்டிச் சாகாது, ஒரு புரோகிராம் தொங்கினால் அதை மட்டும் மூடலாம் என்றாள் ஒருத்தி. 128 எம்பி மெமரியில் எக்ஸ்பி நகரவே நகராது, அந்த நேரத்தில் இரண்டு பக்கம் அடித்துவிடலாம் என்றாள் இன்னொருத்தி. சித்தியின் பழைய லேசர் பிரின்டர் எக்ஸ்பியில் ஓடவில்லை, புதிது வாங்கக் காசில்லை. மேலப்பாளையத்து அக்காவுக்கு வேறு காரணம். 98இல் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று கிடையாது, எஸ்கேப் தட்டினால் உள்ளே போய்விடலாம். எக்ஸ்பி வந்ததும் முதலாளி தன் பெயரில் பாஸ்வேர்டு போட்டுவிட்டார். காலையில் அவர் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. “எக்ஸ்பி நல்லதுதான். ஆனா அது அவருக்கு நல்லது” என்றாள். பல பேர் ஒரே இயந்திரத்தைப் பாதுகாப்பாகப் பகிர்வதற்கென்று பெருமையாகச் சொல்லப்பட்ட வசதியைப் பற்றி இப்படி ஒரு விமர்சனத்தை நான் எந்தக் கணினிப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஆக, விவாதம் இருந்தது. கூர்மையாகவே இருந்தது. அதைப் பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய் வாங்கிய பெண்கள் அச்சகத் திண்ணையில் நடத்தியதால் யாரும் அதை இயங்குதள விவாதம் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸுக்கு ஏன் மாறவில்லை என்று அடுத்துக் கேட்டேன். இதற்குச் சித்தி சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நான் 2007இல் தோற்றேன்.

அன்றைக்குத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு தனித் தீவு. ஆங்கில எழுத்துகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட எண்களின் மேல் தமிழ் உருவங்களை ஒட்டி வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு வரிசையில். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் விழும். அதனால் வாடிக்கையாளர் எந்த எழுத்துருவில் கொண்டுவருகிறாரோ, சிவகாசியில் எந்த அச்சகம் எந்த எழுத்துருவை வைத்திருக்கிறதோ, அவை அனைத்தும் சித்தியிடம் இருக்க வேண்டும். சிவகாசிக்காரர்கள் வாங்குவது பேஜ்மேக்கர் ஃபைல். பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையவே கிடையாது. 2001இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு, அதற்குப் பிறகு அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டு இன்டிசைன் பக்கம் போய்விட்டது. ஆனால் தென் மாவட்டங்களின் கல்யாணப் பத்திரிகைகள் அடுத்த பதினைந்து வருடமும் அந்தக் கைவிடப்பட்ட மென்பொருளில்தான் பிறந்தன.

ஒருங்குறி வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. 1991இல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தார்கள். விண்டோஸ் 2000இல் அது ‘லதா’ என்ற எழுத்துருவோடு வந்து சேர்ந்தது. (பிறகு விண்டோஸ் 7இல் ‘விஜயா’. தமிழ் எழுத்துருவுக்குப் பெண் பெயர் வைக்கும் மரியாதை மட்டும் நமக்குக் குறைவில்லை.) ஒருங்குறியில் ‘கோ’ என்பது ‘க’ முதலில், பிறகு ஓகாரக் குறி. தமிழ் இலக்கணத்துக்கு அது சரி. ஆனால் கொம்பை முதலில் அடித்துப் பழகிய விரல்களுக்கு, ஒவ்வொரு கொம்பிலும் ஒரு தடை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதிலிருந்து தமிழ் 99 விசைப்பலகை பிறந்தது, தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘க’வுக்குத் தானே புள்ளி விழும். அறிவியல்படி அழகான அமைப்பு, நான் இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதில்தான். மூன்று நாளில் பழகலாம் என்பார்கள், புதிதாகத் தொடங்குபவருக்கு அது உண்மை. பதினைந்து வருடம் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று பரீட்சை எழுதிப் பழகிய கைக்கு, அதை மறப்பதற்கே மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் வேகம் பாதியாகும். பக்கக் கூலிக்காரிக்கு வேகம் பாதியானால் சோறு பாதி.

அப்படியே மனதைத் தேற்றிக்கொண்டு சித்தி அன்று லினக்ஸுக்கு வந்திருந்தாலும் பக்க வடிவமைப்புக்கு அங்கே இருந்தது ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள். அதில் ஒருங்குறித் தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் அதற்குச் சோதனைப் பதிப்பில் வந்தது 2017இல், நிலையான பதிப்பில் வந்தது 2024இல். அதாவது 2007இல் சித்தி விண்டோஸ் 98ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தொழில்நுட்ப ரீதியாக முற்றிலும் சரியான முடிவு. தவறு முழுக்க என் பக்கம். ‘சுதந்திர மென்பொருள்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு நான் அவளிடம் கொடுத்தது தமிழில் ஒரு பத்திரிகை கூட அடிக்க முடியாத ஓர் இயந்திரத்தை.

விலையில்லை என்ற வாதமும் அங்கே செல்லவில்லை. அந்தத் தெருவில் விண்டோஸுக்கு யாரும் விலை கொடுத்ததில்லை. ஐம்பது ரூபாய் சிடி கைமாறிக் கைமாறி வரும்.

இதே 2007இல் சென்னையில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வியையே லினக்ஸில் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் குழுவில் அதைத் திருவிழா போலக் கொண்டாடினோம். அரசின் பணம் வெளிநாட்டு உரிமக் கட்டணமாகப் போகக் கூடாது என்ற நிலைப்பாட்டை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து மனுக்களை அடிக்கும் தட்டச்சர், அவர் பெரும்பாலும் பெண், இந்த மாற்றத்தில் ‘பயிற்சி கொடுக்கப்பட வேண்டியவர்’ என்றே வருவார். கருத்துக் கேட்கப்பட வேண்டியவராக வருவதில்லை. எதிர்த்தால் ‘மாற்றத்துக்குத் தயங்குகிறார்கள்’.

லினக்ஸ் உலகமும் பெண்களுக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த ஃபிளாஸ்போல்ஸ் ஆய்வு 2006இல் வெளியானது. சுதந்திர மென்பொருள் சமூகங்களில் பெண்கள் சுமார் ஒன்றரை சதவீதம், அதே நேரத்தில் மூடிய மென்பொருள் துறையில் சுமார் 28 சதவீதம் என்றது அது. சுதந்திரத்தின் பெயரைச் சொன்ன இடத்தில் நாங்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. எங்கள் கல்லூரிக் குழுவில் மூன்று பேர் இருந்தோம் என்றேனே, சந்தேகம் கேட்டால் “மேனுவலைப் படி” என்பார்கள், ஆண்கள் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். மூவரில் ஒருத்தி இரண்டாவது மாதமே நின்றுவிட்டாள். இது எங்கள் ஊர் நோய் மட்டுமில்லை. 1998இலேயே இதற்காக லினக்ஸ்சிக்ஸ் என்று பெண்கள் தனியாக ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் வெளியீட்டின் பெயரில் பாதி ஒரு பெண்ணுடையது. 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தார். ஒரு பெண் இயங்குதளத்துக்குள் நுழைய அதுவும் ஒரு வழி!

மறுபக்கம், நாங்கள் ‘படம் தட்டுகிறவர்கள்’ என்று கேலி பேசிய அந்தப் படங்கள். 1984இல் வந்த மெக்கின்டாஷின் சிரிக்கும் கணினி, குப்பைத்தொட்டி, கடிகாரம் போன்ற உருவங்களைக் கட்டம் கட்டமாக வரைந்தவர் சூசன் கேர். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சாலிடேர் விளையாட்டின் சீட்டுகளும் அவர் வரைந்தவையே. அச்சகத்தில் பிளேட் வரக் காத்திருக்கும்போது சித்தி ஆடியது அந்தச் சாலிடேர். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே திரையில் சந்தித்த இடம் என்று எனக்கு அதன் மேல் ஒரு பிரியம். சித்தியிடம் சொன்னேன். “அந்தச் சீட்டப் போட்டவ பொம்பளையா? ராணிக்கு மூஞ்சி நல்லா வந்திருக்கும்” என்றாள்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். இயங்குதளத்துக்கு முதலாளி என்று பெயர் வைக்க யாருக்குத் தோன்றியதோ! போட்டதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். பத்து விநாடியில் பதில் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், மூடி மேல் இருந்த முதலமைச்சர் படம் உட்பட. ஆனால் தாமிரபரணிக் கரையின் பெண் பிள்ளைகளிடம் ‘உனக்கு எது வேண்டும்’ என்று ஒரு கணினி முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெரும்பாலான மாணவிகள் விண்டோஸைத் தேர்ந்தார்கள், லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றினார்கள். எனக்கு மனம் வலித்தது, வாயை மூடிக்கொண்டேன். 2007 கற்றுக்கொடுத்திருந்தது. ஒரே ஒருத்தி மட்டும் விடாமல் பாஸ் லினக்ஸில் இருந்தாள். கொள்கைக்காரி என்று மகிழ்ந்துபோய்ப் பேச்சுக் கொடுத்தேன். காரணம் வேறு. வீட்டில் அண்ணன் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு போய் நண்பர்களோடு கேம் ஆடுகிறான். லினக்ஸில் அந்த கேம் ஓடாது. அதனால் விண்டோஸையே எடுத்துவிட்டாள். “இப்ப யாருமே தொட மாட்டாங்க மேம்.” இயங்குதளத் தேர்வுக்கு நான் கேட்டவற்றில் இதைவிட வலுவான காரணம் இல்லை.

இன்னொரு தோழிக்குத் தேர்வு என்பதே இல்லாமல் இருந்தது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி நூறு வருடத்துக்கும் மேல் பழையது. அங்கே படித்து, பிறகு என்னோடு வேலை பார்த்தவள் அவள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் இல்லாமல் அவளுக்குக் கணினி வெறும் பெட்டி. விலைக்கு விற்கும் ஜாஸ் அவள் சம்பளத்துக்கு எட்டாது. 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், அவரும் பார்வையற்றவர், தொடங்கிய என்விடிஏ அவளைக் காப்பாற்றியது. அது முழுக்கச் சுதந்திர மென்பொருள், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். எங்கள் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா அவள்? கேட்டால் “எது பேசுதோ அதுதான் என் கட்சி” என்பாள்.

தமிழில் இந்த விஷயங்களைப் பெண்களும் எழுதிய காலம் ஏறக்குறைய அதுதான். 2012இல் கணியம் மின்னிதழ் வந்தது. அதில் எழுதிய து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசைப் புத்தகங்களில் லினக்ஸும் ஒன்று. “மேனுவலைப் படி” என்று துரத்தப்பட்டவர்களுக்குக் கடைசியில் படிக்கிற மாதிரி ஒரு மேனுவல். என் மாணவிகள் சிலர் அதை அச்செடுத்துப் பைண்டு போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பைண்டு போட்டது சித்தியின் கடையில்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். சித்தி திட்டவில்லை. கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் வீட்டுக்கும் போனாள், கையெழுத்துப் பிரதிகளைத் திரும்ப வாங்கினாள். மூன்று இரவு இரண்டாவது கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். நான் வாசித்தேன், அவள் அடித்தாள். விசைப்பலகையை அவள் ஒரு முறை கூடக் குனிந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் இடது கை தானாகப் போய்ச் சேமித்துவிட்டு வரும். மின்சாரத்தை நம்பாத கை. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘பொருத்துக’ அடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்து கேட்டார், என்ன ஆயிற்று என்று.

“கரண்டு போயி வந்துச்சுல்லா, டிஸ்க்கு போயிட்டு” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கடையே தேவையில்லாத வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். என் தவறு தெரிந்தால் அடி எனக்கு விழாது, கடைக்கு விழும் என்று அவளுக்குத் தெரியும். போன பத்திரிகைகளுக்கு வந்த நஷ்டத்தை அவள் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் பொது ஆதரவை நிறுத்தியது. சித்தியின் இப்போதைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது, அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைகள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன. வினாத்தாள்களும் வக்கீல் நோட்டீஸ்களும் மட்டும் இன்னும் வருகின்றன. தீபாவளிக்குப் போனபோது அவளே கேட்டாள்.

“அந்த சிடி மாதிரி இப்ப ஏதும் இருக்காட்டி?”

இருக்கிறது என்றேன். ஆனால் இந்த முறை ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஃபைல் எல்லாவற்றையும் முதலில் இரண்டு பென் டிரைவில் எடு, நான் திறந்து பார்த்த பிறகு கையை வை. டைப்ரைட்டிங் கீபோர்டு இருக்க வேண்டும், கொம்பு முன்னால் வர வேண்டும். பிரின்டர் ஓடாவிட்டால் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். பேஜ்மேக்கர் இருக்கிற எக்ஸ்பி கணினியைத் தொடவே கூடாது. வினாத்தாள் சீசன் முடிந்த பிறகுதான்.

லினக்ஸில் தட்டச்சு அமைப்பு இருக்கிறது, பழைய விரல்களுக்காக யாரோ உட்கார்ந்து செய்து வைத்திருக்கிறார்கள். கொம்பைப் பற்றி மட்டும் அவளிடம் உறுதி சொல்லவில்லை. என் மடிக்கணினியில் அதைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன், அடித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘யளனக’ என்று ஒரு வரி அடித்தாள். பிறகு இன்னொரு வரி. பிறகு முக்கூடல் என்று.

“கீ ரொம்ப மெத்துமெத்துனு இருக்கு. என் கீபோர்ட மாட்டு, அப்புறம் பாப்போம்” என்றாள்.